ஓக்கிச்சோபி ஏரிக்கரை வீடு: விற்பவரின் கணக்கு வாங்குபவருக்கு ஆகாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், ஓக்கிச்சோபி ஏரியை ஒட்டிய கிராமப்புறக் கவுண்டிகளில் வீடும் சில ஏக்கர் மேய்ச்சல் நிலமும் வாங்கும் தமிழ்க் குடும்பங்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தோம். ஏரியின் அழகும் மாட்டுப் பண்ணைகளின் அமைதியும் அதில் நன்றாக வந்திருந்தன. கிரயம் முடிந்த பிறகு வரும் கணக்குதான் இல்லை. விளம்பரத்தில் போட்டிருக்கும் சொத்து வரி, காப்பீட்டுத் தொகை, விவசாய நிலச் சலுகை எல்லாமே விற்பவருக்கு உரியவை. ஒன்றிரண்டு தவிர மற்றவை அவர் சாவியைக் கொடுக்கும் நாளோடு அவருடனேயே போய்விடும்.

முதலில் வரி. புளோரிடாவில் நிரந்தரமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு 'ஹோம்ஸ்டெட்' என்ற விலக்கு உண்டு. வீட்டின் வரி மதிப்பில் சுமார் 50,000 டாலர் வரை கழியும். அதைவிடப் பெரிய சலுகை, வரி மதிப்பு ஆண்டுக்கு 3 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்ற உச்சவரம்பு. விலைவாசி உயர்வு அதற்கும் குறைவாக இருந்தால் அந்த அளவுதான் ஏறும். 1995 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. இருபது ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தவரின் வரி மதிப்பு 1,10,000 டாலரில் நிற்க, சந்தை மதிப்பு 3,40,000-க்குப் போயிருக்கலாம். வரி விகிதம் ஆயிரத்துக்கு 17 டாலர் என்று வைத்துக்கொண்டால், அவர் கட்டுவது 1,200 டாலருக்குள். விற்ற மறு ஜனவரி 1 அன்று மதிப்பு சந்தை நிலவரத்துக்கு ஏறிவிடும். விலக்கு இல்லாத புதிய உரிமையாளர் கட்ட வேண்டியது 5,780 டாலர்.

இந்த உயர்வு உடனே கண்ணில் படாது. ஜூலையில் வாங்கினால் அந்த நவம்பரில் வரும் ரசீது பழைய மதிப்பில்தான் இருக்கும். ஏற்றம் தெரிவது அடுத்த ஆண்டு நவம்பரில். கடன் கொடுத்த வங்கி பழைய வரியை வைத்து மாதத் தவணையைப் போட்டிருந்தால், பற்றாக்குறையையும் சேர்த்து அதற்குப் பிறகுதான் கேட்கும். கவுண்டி சொத்து மதிப்பீட்டாளர் அலுவலகத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு சொத்துக்கும் சந்தை மதிப்பும் வரி மதிப்பும் தனித்தனியாக இருக்கும். முதல் எண்ணை வைத்துக் கணக்குப் போடுங்கள். இரண்டாவது எண் உங்களுக்கு உரியதல்ல.

ஹோம்ஸ்டெட் விலக்குக்கு மார்ச் 1-க்குள் விண்ணப்பிக்க வேண்டும். பச்சை அட்டை இருந்தால் கிடைக்கும். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்போருக்குப் பொதுவாகக் கிடைக்காது, எத்தனை ஆண்டுகளாக அந்த வீட்டிலேயே இருந்தாலும் சரி. அவர்களுக்கு ஆண்டு உயர்வின் உச்சவரம்பு 10 சதவீதம். பள்ளி வரிக்கு அதுவும் பொருந்தாது. ஏற்கெனவே புளோரிடாவில் ஹோம்ஸ்டெட் வீடு வைத்திருந்தவர்கள் தாங்கள் சேர்த்த வரிச் சேமிப்பில் 5,00,000 டாலர் வரை புதிய வீட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். அதற்குத் தனி விண்ணப்பம் உண்டு. அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வீட்டோடு மேய்ச்சல் நிலம் இருந்தால் வரியில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. மாடு மேயும் நிலத்துக்கு விவசாய வகைப்பாடு கிடைத்தால், ஏக்கருக்கு 12,000 டாலர் பெறும் நிலத்தைச் சில நூறு டாலராக மட்டுமே மதிப்பிடுவார்கள். 20 ஏக்கருக்கு ஆண்டு வரி நூறு டாலர் அளவில் முடிந்துவிடும். வகைப்பாடு போனால் அதே நிலத்துக்கு 4,000 டாலருக்கு மேல். உரிமையாளர் மாறினால் புதியவர் தன் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். கெடு இதற்கும் மார்ச் 1 தான். ஆனால் பார்ப்பது ஜனவரி 1 அன்று அந்த நிலத்தில் உண்மையான வணிக விவசாயம் நடந்ததா என்பதை. அக்டோபரில் வாங்கி, விற்றவர் தன் மாடுகளை ஓட்டிக்கொண்டு போய், டிசம்பர் முழுதும் நிலம் சும்மா கிடந்தால் அடுத்த ஆண்டின் சலுகை போயிற்று. ஆகவே கிரயத்துக்கு முன்பே பக்கத்துப் பண்ணையாளரிடம் பேசி, எழுத்து மூலம் மேய்ச்சல் குத்தகை போட்டுக்கொள்வது நல்லது. கொல்லையில் இரண்டு ஆடு கட்டி வைத்தால் வணிக விவசாயம் ஆகாது. வீடும் அதைச் சுற்றிய மனையும் எப்படியும் முழு மதிப்பில்தான் வரும். பிற மாநிலங்கள் பலவற்றில் சலுகை போனால் பழைய ஆண்டுகளின் வரியையும் சேர்த்து வசூலிப்பார்கள். புளோரிடாவில் அது இல்லை.

குத்தகைக்குக் கேட்கும் பண்ணையாளர் முதலில் புல்லைப் பார்ப்பார். பஹியா புல் நன்றாக வளர்ந்த நிலத்தில் இரண்டு மூன்று ஏக்கருக்கு ஒரு பசு தாங்கும். 'ட்ராபிகல் சோடா ஆப்பிள்' என்ற களை புகுந்த நிலத்தில் அந்தக் கணக்கு நிற்காது. அது நம் கத்தரி, சுண்டையின் குடும்பம், உடம்பெல்லாம் முள். பழத்தைத் தின்ற மாடு போகிற இடமெல்லாம் சாணத்தோடு விதையைப் போட்டுக்கொண்டே போகும். ஒழிக்க ஓராண்டு போதாது.

விசாவில் இருப்போர் மேய்ச்சல் நிலம் வாங்கும்போது இன்னொரு கடமையும் உண்டு. குடியுரிமையோ பச்சை அட்டையோ இல்லாதவர் விவசாய நிலம் வாங்கினால், 90 நாளுக்குள் எஃப்.எஸ்.ஏ. 153 என்ற படிவத்தை அமெரிக்க வேளாண்மைத் துறைக்கு அனுப்ப வேண்டும். மொத்தம் பத்து ஏக்கருக்குக் குறைவாகவும் விளைபொருள் வருமானம் ஆண்டுக்கு 1,000 டாலருக்குள்ளும் இருந்தால் தேவையில்லை. இப்போது தரிசாகக் கிடந்தாலும் கடந்த ஐந்தாண்டுக்குள் மாடு மேய்ந்திருந்தால் அது விவசாய நிலமே. தவறினால் அபராதம் நிலத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை போகலாம். கிரயம் நடத்தும் நிறுவனம் இதை நினைவூட்டும் என்று இருக்க வேண்டாம். 2023 ஜூலையில் வந்த புளோரிடா சட்டம் வேறு விஷயம். அது சீனா, ரஷ்யா, ஈரான், வட கொரியா, கியூபா, வெனிசுவேலா, சிரியா ஆகிய ஏழு நாடுகளைச் சார்ந்தவர்கள் மீதான தடை. இந்தியா அதில் இல்லை. ஆனால் அந்தச் சட்டத்தின்படி வாங்குபவர் எவராக இருந்தாலும் கிரயத்தன்று உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும்.

கடனைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 மே 25 முதல் தற்காலிக விசாவினருக்கு, கூட்டாட்சி அரசு உத்தரவாதம் தரும் எஃப்.எச்.ஏ. வீட்டுக் கடன் கிடையாது. கிராமப்புறத்துக்கென்றே முன்பணமில்லாமல் தரும் வேளாண்மைத் துறைக் கடனும் அவர்களுக்கு இல்லை. சாதாரண வங்கிக் கடன்தான் வழி. அதிலும் கொட்டகை, வேலி, மாட்டுப் பட்டி இவற்றுக்கெல்லாம் வங்கி பெரிதாக மதிப்புப் போடாது.

இனி ஏரி. 'ஏரிக்கரை வீடு' என்று கேட்டதும் வாசலில் நின்றால் தண்ணீர் தெரியும் என்று நினைக்கிறோம். ஓக்கிச்சோபியில் தெரியாது. ஏரியின் பரப்பு சுமார் 730 சதுர மைல், சராசரி ஆழமோ 9 அடிதான். 1928 செப்டம்பர் புயலில் ஏரித் தண்ணீர் கரையை உடைத்துக்கொண்டு பாய்ந்ததில் 2,500 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். அதன் பிறகு எழுப்பியதுதான் 143 மைல் நீளமுள்ள ஹெர்பர்ட் ஹூவர் கரை. உயரம் சுமார் 30 அடி. அதைப் பலப்படுத்தும் வேலை 2023 ஜனவரியில் முடிந்தது. வீடுகள் கரைக்கு வெளியே, கால்வாய்களின் ஓரத்தில் இருக்கின்றன. படகை எடுத்துக்கொண்டு கால்வாய் வழியே போய், மதகு போன்ற 'லாக்' ஒன்றைக் கடந்துதான் ஏரிக்குள் நுழைய முடியும். டெய்லர் க்ரீக், பக்ஹெட் ரிட்ஜ் பகுதி வீடுகள் எல்லாம் இப்படித்தான். ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள் இவை: கால்வாய் எந்த லாக்கில் போய்ச் சேர்கிறது, அது எந்த நேரத்தில் இயங்கும், வழியில் தாழ்வான பாலம் உண்டா, வறட்சியில் கால்வாயில் எத்தனை அடி தண்ணீர் நிற்கும்.

கடைசிக் கேள்விக்குப் புகைப்படம் பதில் சொல்லாது. மழைக்காலம் மே முதல் அக்டோபர் வரை. விளம்பரப் படங்கள் பெரும்பாலும் ஏரி நிறைந்திருக்கும் அக்டோபர், நவம்பரில் எடுத்தவை. மே மாதக் கடைசியில் போய்ப் பாருங்கள். 2007 ஜூலையில் ஏரி மட்டம், கடல் மட்டத்திலிருந்து அளக்கும் கணக்கில், 8.82 அடிக்கு இறங்கியது. அதுதான் பதிவான குறைந்த மட்டம். ஏரியில் எவ்வளவு தண்ணீர் வைப்பது என்பதை ராணுவப் பொறியாளர் பிரிவு முடிவு செய்கிறது. 2024 ஆகஸ்டில் அதற்குப் புதிய திட்டம் வந்திருக்கிறது. படகுத்துறைக்கும் கால்வாய்ச் சுவருக்கும் முறையான அனுமதி இருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். கால்வாய் ஓரத்தில் ஒரு பட்டை நிலம் 'நீர் மேலாண்மை மாவட்டம்' என்ற அரசு அமைப்பின் உரிமையில் இருக்கலாம். நம் ஊரில் ஏரிப் புறம்போக்கில் கட்டிய திண்ணை மாதிரிதான், இடிக்கச் சொன்னால் வாதாட முடியாது.

வெள்ளக் காப்பீட்டுக்கு வருவோம். வரைபடத்தில் ஏ.இ. போன்ற அபாய மண்டலத்தில் வீடு இருந்தால், வங்கிக் கடனுக்கு வெள்ளக் காப்பீடு கட்டாயம். கூட்டாட்சி அரசின் திட்டத்தில் கட்டடத்துக்கு 2,50,000, உள்ளிருக்கும் பொருளுக்கு 1,00,000 டாலர் வரைதான் கிடைக்கும். கடனுக்காக எடுத்தால் கிரயத்தன்றே அமலுக்கு வரும். ரொக்கம் கொடுத்து வாங்கியவருக்கு 30 நாள் காத்திருப்பு உண்டு. செப்டம்பரில் வாங்கிவிட்டுப் புயல் கிளம்பிய பிறகு எடுத்தால் பயனில்லை. முன்னே சொன்ன ஒன்றிரண்டு விதிவிலக்குகளில் ஒன்று இங்கேதான் இருக்கிறது. விற்பவரிடம் நடப்பில் உள்ள வெள்ளக் காப்பீட்டை வாங்குபவர் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். 2021-இல் கட்டண முறை மாறியபோது பழைய பாலிசிகளுக்குக் கட்டணம் ஒரேயடியாக ஏறாமல் படிப்படியாக ஏறும்படி செய்தார்கள். அந்தச் சலுகையும் பாலிசியோடு வரும். பாலிசி காலாவதியாவதற்குள் மாற்ற வேண்டும், நடுவில் இடைவெளி விழக்கூடாது. இதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டுக் காப்பீடு அப்படி மாறி வராது. பழைய வீடென்றால் கூரை, மின்சாரம், தண்ணீர்க் குழாய், குளிர்சாதனம் ஆகிய நான்கையும் சோதித்த அறிக்கையை நிறுவனம் கேட்கும். சாம்பல் நிறப் பாலிபியூட்டிலீன் குழாயோ, தீப்பிடிக்கும் என்று பெயரெடுத்த பழைய மின்பெட்டியோ இருந்தால் மறுத்துவிடுவார்கள். கூரைக்கு 15 வயது ஆகவில்லை என்றால் வயதை மட்டுமே காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று 2022-இல் சட்டம் வந்தது. அதற்கு மேல் ஆகியிருந்தால், இன்னும் ஐந்தாண்டு தாங்கும் என்ற சோதனை அறிக்கை வேண்டும். கூரைச் சட்டத்தைச் சுவரோடு பிணைக்கும் பட்டைகள் இருப்பதைக் காட்டும் காற்றுத் தாங்கு அறிக்கை கட்டணத்தைக் குறைக்கும். ஒப்பந்தத்தில் சோதனைக்கான நாட்களைக் குறிப்பிடாமல் விட்டால் மாநிலத்தில் வழக்கமான படிவப்படி 15 நாள். அதற்குள் காப்பீட்டு விலையையும் வாங்கிவிட வேண்டும். பதினாறாம் நாள் தெரிந்துகொண்டால் முன்பணம் சிக்கும்.

செப்டிக் டேங்குக்கு வருவோம். இங்கே நிலத்தடி நீர் மிக மேலே நிற்கும். கழிவுநீர் மண்ணில் இறங்கும் வடிகால் பரப்புக்கும் மழைக்கால நீர்மட்டத்துக்கும் இடையே 24 அங்குலம் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால்தான் பல வீடுகளில் முற்றத்தில் மண்மேடு தெரியும். மேடு இல்லாத பழைய வீட்டில் அமைப்பு பழுதானால், புதிதாகப் போடும்போது மேடும் சில இடங்களில் பம்பும் வைக்க வேண்டியிருக்கும். சோதிக்க வருபவர் தொட்டியைக் காலி செய்வதற்கு முன் மட்டத்தைப் பார்க்க வேண்டும். கழிவுநீர் வெளியேறும் குழாயின் அடிமட்டத்தில் நின்றால் சரி. அதற்கு மேலே நின்றால் வடிகால் அடைத்திருக்கிறது. கீழே நின்றால் தொட்டி கசிகிறது. காலி செய்த பிறகு வடிகாலில் இருந்து தண்ணீர் திரும்பித் தொட்டிக்குள் வந்தால் மண் ஊறிப்போய்விட்டது என்று பொருள். “போன வாரம்தான் சுத்தம் செய்தோம்” என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால் அதை நல்ல செய்தியாக எடுக்காதீர்கள். பார்க்க வேண்டிய தடயம் அந்த லாரியோடு போய்விட்டது. வடிகால் பரப்பின் மேல் மாடு நடந்திருக்கிறதா, வண்டி நிறுத்தியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். மண் இறுகினால் நீர் இறங்காது. விற்கும்போது செப்டிக் சோதனை செய்தே தீர வேண்டும் என்று மாநில விதி ஏதும் இல்லை. கேட்டால்தான் நடக்கும்.

கிணறு என்று இங்கே சொல்வது போர்வெல். செப்டிக் அமைப்பிலிருந்து 75 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். மாட்டுப் பட்டி அருகில் இருந்தால் நைட்ரேட் சோதனையை விடக்கூடாது. லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்பது எல்லை, அதற்கு மேல் போனால் கைக்குழந்தைக்கு ஆபத்து. கோலிஃபார்ம் என்ற கிருமிக்கான சோதனைக்கு மாதிரி எடுக்கும்முன் யாராவது கிணற்றில் குளோரின் ஊற்றியிருந்தால் முடிவு பொய்யாக நன்றாக வரும். குளோரின் முழுதும் போன பிறகே மாதிரி எடுக்க வேண்டும். அழுகிய முட்டை நாற்றமும் இரும்புக் கறையும் இப்பக்கம் சகஜம், வடிகட்டி வைத்துச் சமாளிக்கலாம். குழாயைத் திறந்ததும் மோட்டார் சில நொடிக்கு ஒருமுறை ஓடி நின்றால் அழுத்தத் தொட்டியின் காற்றுப்பை போய்விட்டது. அழுத்தம் 40 பி.எஸ்.ஐ.க்கு இறங்கினால் ஓடி, 60-க்கு ஏறினால் நிற்கும் அமைப்பில், தண்ணீர் காலியான தொட்டியில் காற்றழுத்தம் 38 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டும்.

இந்தக் கவுண்டிகளில் விற்பனைக்கு வருவதில் கணிசமானவை தொழிற்சாலையில் செய்து லாரியில் கொண்டுவந்து நிறுத்திய வீடுகள். 1976 ஜூன் 15-க்கு முன் செய்தது என்றால் கடனும் காப்பீடும் கிடைப்பது அரிது. அதற்குப் பின் செய்ததென்றால் ஒவ்வொரு பகுதியின் வெளிச்சுவரிலும் சிவப்பு உலோகத் தகடு இருக்கும். சட்டப்படி இது வண்டி மாதிரி. வீட்டுக்கு நிலப் பத்திரம் போதாது, வாகனத் துறை தரும் உரிமைச் சான்றும் வேண்டும். இரண்டு பகுதியை ஒட்டிய வீட்டுக்கு இரண்டு சான்று. ஒன்று தொலைந்து, அதில் பெயருள்ளவர் இறந்தும் போயிருந்தால் கிரயம் மாதக்கணக்கில் நிற்கும். விற்க நினைப்பவர்கள் விளம்பரம் போடும் முன்னரே அந்த இரண்டு தாளையும் தேடி எடுத்து வையுங்கள்.

பழைய பண்ணை நிலத்தில் இன்னொன்றும் உண்டு. மாட்டு உண்ணியை ஒழிக்க, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மாடுகளை ஆர்செனிக் கரைசல் நிறைந்த தொட்டிகளில் முக்கி எடுத்தார்கள். புளோரிடா முழுதும் இப்படி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொட்டிகள் இருந்தன. மூடிப் புதைத்தவை இன்னும் மண்ணுக்குள் கிடக்கின்றன. பழைய பட்டி, கான்கிரீட் விளிம்பு தெரிந்தால் அந்த இடத்தில் மண் சோதனை செய்துவிட்டுக் கிணறு தோண்டுங்கள். வேலி வேறு, எல்லை வேறு என்பதையும் மறக்க வேண்டாம். மாடு தாண்டாமல் இருக்கப் போட்ட வேலி சதுப்பைச் சுற்றிக்கொண்டு போயிருக்கும். வேலியையும் குறித்துக் காட்டும் புதிய சர்வே வாங்குங்கள். சாணி நாற்றம், அதிகாலைச் சத்தம் என்று பக்கத்துப் பண்ணை மேல் வழக்குப் போடவும் எளிதில் முடியாது, 1979 முதலே பண்ணைகளுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது.

விற்பவர்களுக்குச் சில குறிப்புகள். கண்ணுக்குத் தெரியாத, மதிப்பைப் பாதிக்கும் குறை தெரிந்திருந்தால் சொல்லியே ஆக வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1985-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. ‘உள்ளது உள்ளபடி’ என்று ஒப்பந்தம் போட்டாலும் அதிலிருந்து தப்ப முடியாது. 2024 அக்டோபர் முதல், வெள்ளச் சேதத்துக்கு இழப்பீடோ அரசு உதவியோ கேட்டதுண்டா என்று தனிப் படிவத்தில் எழுதித் தர வேண்டும். கிரய முத்திரை வரி நூறு டாலருக்கு 70 சென்ட். 3,50,000 டாலர் வீட்டுக்கு 2,450. வழக்கமாக இது விற்பவர் பொறுப்பு. வாங்குபவர் 2,80,000 டாலர் கடன் எடுத்தால் கடன் பத்திரத்துக்கு அவருக்கு முத்திரை வரியும் கடன் மீதான இன்னொரு வரியும் சேர்த்து 1,540 ஆகும். வில்லங்கம் பார்க்கும்போது, முடிக்காமல் விட்ட கட்டட அனுமதிகளும் கவுண்டி அபராதங்களும் வழக்கமான தேடலில் வராது; அதற்குத் தனித் தேடல் கேட்க வேண்டும்.

ஹோம்ஸ்டெட் வீடென்றால், பத்திரத்தில் பெயர் இல்லாவிட்டாலும் கணவன் அல்லது மனைவியின் கையெழுத்து வேண்டும். வேலை முடிந்து ஊர் திரும்பியவர்கள் வீட்டை விற்கும்போது சிக்குவது பெரும்பாலும் வரிப் பிடித்தத்தில். அமெரிக்க வரிச் சட்டப்படி வெளிநாட்டவராகிவிட்டவர் விற்றால், வாங்குபவர் விலையில் 15 சதவீதத்தைப் பிடித்து 20 நாளுக்குள் 8288 படிவத்தோடு கட்ட வேண்டும். வாங்குபவர் குடியிருக்கப் போகும் வீடாக இருந்து விலை 3,00,000-க்குள் என்றால் பிடித்தம் இல்லை. பத்து லட்சம் வரை 10 சதவீதம். 15 சதவீதம் என்பது லாபத்தில் அல்ல, விலையில். நட்டத்துக்கு விற்றாலும் பிடிப்பார்கள். குறைத்துத் தரும்படி 8288-பி விண்ணப்பத்தைக் கிரயத்தன்றோ அதற்கு முன்போ அனுப்பியிருக்க வேண்டும். விசாவில் அங்கேயே வசித்து, வரிச் சட்டப்படி குடியிருப்பாளராக இருப்பவருக்கு இந்தப் பிடித்தம் கிடையாது.

சென்னையிலோ மதுரையிலோ இருந்து கையெழுத்திடுவோர் கவனிக்க: புளோரிடாவில் கிரயப் பத்திரத்துக்கும் பவர் பத்திரத்துக்கும் இரண்டு சாட்சியும் நோட்டரியும் வேண்டும். 2024 ஜனவரி முதல் பதிவுக்குப் போகும் பத்திரத்தில் சாட்சிகளின் பெயருக்குக் கீழே அஞ்சல் முகவரியும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பதிவு அலுவலகம் திருப்பி அனுப்பும். இந்திய நோட்டரி முன் கையெழுத்திட்டால், வெளிநாட்டில் ஏற்பதற்காக அரசு இடும் 'அப்போஸ்டில்' முத்திரையும் தேவைப்படலாம். அதற்கு நாட்கள் பிடிக்கும் என்பதால் கிரய நாளைக் குறிக்கும் முன்பே தொடங்குங்கள். புளோரிடா நோட்டரி காணொலி வழியாகவும் செய்யலாம். கிரய நிறுவனம் ஏற்குமா என்று முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வீடு, நில விற்பனைப் பணியில் உள்ள வாசகர்கள்,
ஓக்கிச்சோபி கவுண்டி, புளோரிடா